வேண்டியதற்கு மேல்

கேடயத்தின் மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்குச்
சாய்வாக இறங்கும் பட்டைக்கு
எங்கள் அலுவலகத்தில் பெயர் பெண்டு.
அதில் வளைவே கிடையாது.
அளவுகோல் வைத்துத்தான் இழுக்கிறேன்.
யாரோ எப்போதோ அதன் பெண்டை நிமிர்த்திவிட்டார்கள்,
பெயரை மாற்ற மட்டும் மறந்துபோனார்கள்.

நிஜமாகவே வளைந்தவற்றுக்கு வேறு சொற்கள்,
பழைய பிரெஞ்சில் துருவேறிக் கிடப்பவை.
மேகத்தின் ஓரம்போல் பிதுங்கினால் நெபுலி.
பாம்பு தன்னையே முடிச்சிட்டுக்கொண்டால் அதற்கொன்று.
பிறைபிறையாய்க் கடித்த விளிம்பில்
பல் வெளியே நீட்டினால் ஒரு பெயர்,
உள்ளே குத்தினால் இன்னொன்று.
எது எதுவென்று
பதினெட்டு வருடமாகப்
புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டிவிட்டுத்தான் வரைகிறேன்.

முழங்கை மடக்கிய கைக்கும்
துள்ளும் டால்ஃபினுக்கும் ஒரே சொல்: எம்பவ்ட்.
வில்லாக ஆனது.
யார் வளைத்தார், எவ்வளவு,
வலித்ததா,
ஒன்றும் அந்தச் சொல்லில் இல்லை.

மார்ச்சில் போர்ட்சாயிலிருந்து ஒரு விண்ணப்பம்.
ரோனா கெடிஸ், படகு கட்டுபவர், வயது ஐம்பத்தாறு.
நீல நிலத்தில் பொன்னிறப் பலகை ஒன்று, எம்பவ்ட்.
வரைந்து அனுப்பினேன்.
திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால்:
‘இது வாழைப்பழம்.’
மறுபடி அனுப்பினேன்.
‘இது சிரிக்கிறது.’
மூன்றாவதற்கு ஆளே வந்துவிட்டார்,
தார் மணக்கும் கம்பளிச் சட்டையில்,
செய்தித்தாளில் சுற்றிய லார்ச் பலகைத் துண்டோடு.

என் வண்ணக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு அதை வைத்தார்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதெல்லாம்
நீராவிப் பெட்டியைப் பார்க்காதவர்கள் பேச்சு.
அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம்.
வெந்துவிட்டால் எண்பது வயது மரமும் இணங்கும்.
ஆனால் கவ்வியைக் கழற்றியதும்
கொஞ்சம் திரும்பும். எப்போதும் திரும்பும்.
அதனால் வேண்டியதற்கு மேல் வளைப்போம்,
மிச்சத்தை அது எடுத்துக்கொள்ளட்டும் என்று.
உங்கள் பலகை சொன்ன இடத்திலேயே நிற்கிறது.
அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.”

சட்டத்தைச் சொன்னேன்:
பதிவாவது சொற்கள்தான், படம் இல்லை.
அடுத்த ஓவியர் கொக்கிபோல் வரைந்தாலும்
அது உங்கள் சின்னம்தான்.

“அப்போது இத்தனை பவுண்டும் ஒரு சொல்லுக்கா?”

ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
அவர் என் பென்சிலை எடுத்துக்கொண்டார்.
யாருக்கும் கொடுப்பதில்லை அதை.
குனிந்து,
வளைவின் வயிற்றை ஒரு விரற்கடை கீழே இறக்கினார்.
அப்போதுதான் பார்த்தேன், இடக்கையின் சுண்டுவிரல்
உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தது.
நான் கேட்காமலே சொன்னார்:
“எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு இப்படி.
அறுத்து நிமிர்த்தலாமாம்.
திரும்ப மடங்கிக்கொள்ளும் என்று டாக்டரே சொல்கிறார்.
சுத்தியல் பிடிக்கத் தொந்தரவில்லை.”

நீலத்தை இரண்டு பூச்சு பூசினேன்.
பொன்னை ஈரமூச்சு ஊதி ஒட்டினேன்.
பலகை, அவர் இறக்கிய இடத்திலிருந்து
இன்னும் ஒரு மயிரிழை கீழே.
மேலதிகாரி கவனிக்கவில்லை.

நவம்பரில் முத்திரை வைத்து
குழாயில் சுருட்டி அனுப்பினோம்.
பத்து நாளில் ஒரு புகைப்படம் வந்தது.
பட்டறை மேசைமேல் விரித்த கன்றுத்தோல்.
ஒரு மூலையில் தேநீர்க் குவளை, ஒன்றில் ஆணி டப்பா,
ஒன்றில் அவருடைய பூட்ஸ்.
நான்காவது மூலை எழுந்து நிற்கிறது.
பின்னால் எழுதியிருந்தார்:
‘கன்றுக்குத் தன் முதுகு ஞாபகம் வந்துவிட்டது.
இந்த வளைவுக்குப் புத்தகத்தில் என்ன சொல்?’

புரட்டினேன். இந்த முறை எல்லோரும் பார்க்கவே.

பிறகு பதில் எழுதினேன்:
எதிர்ப்பக்கமாகச் சுருட்டி
இரண்டு வாரம் வையுங்கள்.
இறுக்கமாக.
எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.